தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பதினைந்து வீடுகள்

அந்த அலுவலகத்தில் அவள் எல்லாருக்கும் அக்கா. அவளைவிட நாலு வயது மூத்த வாசல் காவலர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது வருடமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமா என்று கேட்பது அவள் வேலை. சோப்பு பற்றிக் கேட்டிருக்கிறாள், செல்போன் பற்றிக் கேட்டிருக்கிறாள். தேர்தல் வந்துவிட்டால் யாருக்கு ஓட்டு என்று கேட்பாள். மற்றவர்கள் போனால் பாதிக் கதவு முகத்துக்கு நேராகச் சாத்தப்படும். அக்கா போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அது எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவசரப்படாமல் நிற்பாள், அவ்வளவுதான்.

நிறுவனத்தை நடத்தியவரை எல்லாரும் மேடம் என்பார்கள். ஒவ்வொரு கணிப்பு தொடங்கும்போதும் கள ஊழியர்களை உட்காரவைத்து ஒரே பாடத்தைத்தான் சொல்வார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையைக் கிண்டி நடுவிலிருந்து எடுக்க வேண்டும், மேலாக இருப்பதை அள்ளக் கூடாது. அதனால்தான் எந்தத் தெரு, எந்த வீடு என்பதை அலுவலகமே குலுக்கிப் போட்டு எடுத்துக் கொடுக்கும். வீட்டிலும் கதவைத் திறந்தவரைக் கேட்கக் கூடாது. ஓட்டுப் போடும் வயதுள்ளவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வருடம் மேயர் தேர்தல். இருக்கிற மேயர் ஒரு பக்கம், எதிர்த்து ஒரு வக்கீலம்மா. ஒரு பத்திரிகைக்காக நகரம் முழுக்க நாற்பது இடம், இடத்துக்குப் பதினைந்து வீடு என்று அறுநூறு பேரைக் கேட்டாக வேண்டும். செவ்வாய் தொடங்கி வியாழன் மாலைக்குள் படிவங்கள் வந்துவிட வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குடியிருப்பு.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பையைத் தோளில் மாட்டும்போதே, அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குடல்வால் வெடிக்கிற நிலைமையில் இருந்தது. மதியமே அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லை. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உங்க இடம் என்ன ஆச்சு அக்கா, முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் போடறோம் என்று. முடியாது என்று சொல்லிப் பழகாத வாய். பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை கணவருக்குக் காய்ச்சல் அடித்தது. அன்றும் போக முடியவில்லை.

வியாழன் மதியம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில், வெற்றுப் படிவங்கள் பதினைந்தும் அவள் மடியில் இருந்தன. மூன்று மணி நேரம் இருந்தது. ஒன்பது வருடம் இந்த நகரத்தின் சந்துபொந்தெல்லாம் நடந்தவளுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாதா என்று மனசு ஒரு வாதம் பண்ணியது. முதல் படிவத்தை எழுதுகிற வரைக்கும்தான் கை கூசியது. இரண்டாவதிலிருந்து ஓடியது.

நன்றாகவே செய்தாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் வெட்கப்படவைத்தது. இரண்டு பேனாவை மாற்றி மாற்றி எழுதினாள். எந்த அரசியல்வாதியையும் பிடிக்காத ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை உண்டாக்கினாள். மாமியாரும் மருமகளும் வேறு வேறு பக்கம் இருக்கிற வீடு ஒன்றை உண்டாக்கினாள். மேயருக்குப் பத்து, வக்கீலம்மாவுக்கு மூன்று, இன்னும் முடிவு செய்யவில்லை என்று இரண்டு. உங்கள் பகுதியின் பெரிய பிரச்சினை எது என்ற கேள்விக்கு ஒன்பது பேர் வாயில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று போட்டாள். பெயரும் போன் நம்பரும் தர விருப்பமா என்ற கடைசிக் கட்டத்தில் பதினைந்திலும் ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதி, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளிடம் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூதக்கண்ணாடி போன் செய்தான்.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். முப்பது வயது சொல்லலாம். வந்த படிவங்களைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. பத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, எங்கள் ஆள் நிஜமாகவே வந்தாரா, என்ன கேட்டார் என்று விசாரிப்பான். சிரிக்க மாட்டான், கோபப்படவும் மாட்டான். அவன் மேஜைப் பக்கம் போனாலே கள ஊழியர்கள் செருப்புச் சத்தம் குறைத்து நடப்பார்கள். இதுவரைக்கும் அக்காவுக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அன்றைக்குப் போனில் அவன் பெயரைப் பார்த்ததும் தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் நடந்துபோய்த்தான் எடுத்தாள்.

ஒரு அரைமணி நேரம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டான். போனாள். மற்றவர்கள் காதில் விழாதபடி பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கையில் அவளுடைய பதினைந்து படிவங்கள்.

“அக்கா, நாலு வருஷமா உங்க ஃபாரத்தைப் பாக்கறேன்” என்றான். “நீங்க போன வீட்டுக்குப் போன் பண்ணா, நான் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ‘அந்தம்மா நல்லா இருக்காங்களா’ன்னு அவங்க என்னைக் கேப்பாங்க. உங்ககிட்ட நம்பர் தரமாட்டேன்னு சொல்றவங்க பதினஞ்சுல ஒருத்தர், மிஞ்சிப்போனா ரெண்டு பேர். இதுல பதினஞ்சு பேரும் தரலையாம்.”

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். நாய் துரத்தியது, ஜனங்கள் எரிச்சலில் இருந்தார்கள் என்று இரண்டு மூன்று கதை தயாராகவும் இருந்தது. ஆனால் அவன் அவளைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் கதை எடுபடவில்லை.

“நான் போகவே இல்ல தம்பி” என்றாள். “ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதினேன்.”

அவன் கணவரைப் பற்றி விசாரித்தான். இப்போது எப்படி இருக்கிறார், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்தான். பத்திரிகையில் புதன்கிழமைதான் வருகிறது, கணக்குப் போட மேடம் திங்கட்கிழமை உட்காருவார், நடுவில் சனிக்கிழமை இருக்கிறது என்று விரலை மடக்கினான். மேடத்திடம் இதை மறைக்க முடியாது, மறைக்கவும் மாட்டேன், அறிக்கையில் அவள் பெயரோடு எழுதத்தான் போகிறேன் என்று நேராகவே சொன்னான். அக்கா தலையை ஆட்டினாள். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டாள்.

“ஆனா வெறும் ரத்துன்னு எழுதறதுக்கும், ரத்து பண்ணி மறுபடி எடுத்தாச்சுன்னு எழுதறதுக்கும் வித்தியாசம் இருக்கு” என்றான். “நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் போலாம். நானும் வரேன்.”

சனிக்கிழமை கணவருக்குத் துணையாக அச்சகத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அக்கா தண்டவாளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பூதக்கண்ணாடி அவளுக்கு முன்னாலேயே வந்து, சைக்கிள்களுக்கும் பால் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் திறப்பார்கள் என்று நினைத்தாள். சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு இன்ஜின் முன்னுக்கும் பின்னுக்குமாக நகர்ந்துகொண்டே இருந்தது. கேட் திறக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பக்கத்திலேயே தண்டவாளத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தாள். இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். அதில் ஒரு பழைய டயர் மிதந்தது.

அவன் எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொள்வான், படிவங்கள் இருந்த பையைப் பிடித்துக்கொள்வான், ஒரு வார்த்தை பேச மாட்டான். முதல் வீட்டில் சைக்கிள் பழுது பார்ப்பவர் உற்சாகமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த பிறந்தநாள் அவருடைய மாமியாருக்கு என்று ஆனதும் முகம் தொங்கிப்போனது. மாமியாரோ, மாப்பிள்ளை இருக்கும்போது வாயைத் திறக்க மாட்டேன் என்று அவரை வெளியே அனுப்பிவைத்தாள். அவர் வாசலில் வந்து பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, இந்த வீட்டில் எனக்கு உள்ள மரியாதையைப் பார்த்தீர்களா சார் என்றார். அவனும் பார்த்தேன் என்று தலையாட்டினான்.

மூன்றாவது வீட்டில் வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி, வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். ஐந்தாவது வீட்டில் ஒரு மனிதர் விஷயத்தைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார். அதுகூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. மறுத்துவிட்டார் என்று எழுதும்போது, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கோபமான மீசையோடு ஒரு நிஜமான ஆள் இருந்தார். அலுவலகம் கொடுத்திருந்த மாற்று வீட்டுப் பட்டியலிலிருந்து அடுத்த கதவைத் தட்டினாள்.

எட்டாவது வீட்டில் ஒரு பெண் மடித்த சக்கர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போன கணவரை வாரத்துக்கு மூன்று நாள் தண்டவாளம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். உங்கள் பகுதியின் பெரிய பிரச்சினை எது என்று அக்கா கேட்டாள்.

“வாசல்ல ஒரு கேட் இருக்கே, அதுதான்” என்றாள் அந்தப் பெண். “முன்னெல்லாம் அடியில இருக்கற பாதையில நாற்காலியைத் தள்ளிட்டுப் போயிடுவேன். தண்ணி நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. மோட்டார் கெட்டுப்போச்சாம். இப்ப ஒன்பது மணிக்கு ஊசின்னா ஏழரைக்கே கிளம்பி கேட்ல நிக்கறோம். மழை பெஞ்சா குடை அவருக்கு.”

யாருக்கு ஓட்டு என்று கேட்டபோது, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றாள். மேயர்தான் ஜெயிக்கப்போகிறார் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்களே, நான் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

அந்த வீட்டு எதிர்ச்சுவரிலும் அது ஒட்டியிருந்தது. ‘நகரமே நம் பக்கம். நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் மேயருக்கே. கருத்துக்கணிப்பு முடிவு.’ யார் எடுத்த கணிப்பு, யாரைக் கேட்டார்கள், எத்தனை பேர் என்று ஒரு வரியும் இல்லை. மேயரின் பிரச்சார ஆட்கள் ஒட்டியது. இரண்டு மாதமாக அக்கா போகிற பஸ்ஸின் முதுகிலும் அது இருந்தது, ஆஸ்பத்திரி மதில்சுவரிலும் இருந்தது. பதினைந்தில் பத்து. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. ஒன்பது வருட அனுபவம் என்று நினைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவள் எழுதியது ஒரு போஸ்டரை. பானைக்குள் கையே விடாமல் பதம் சொல்லியிருக்கிறாள். அதுவும் அடுத்தவன் சொல்லிக்கொடுத்த பதம்.

மதியம் மூன்று மணிக்குப் பதினைந்தும் முடிந்தது. மேயருக்கு நான்கு, வக்கீலம்மாவுக்கு மூன்று, முடிவு செய்யவில்லை என்று எட்டு. பிரச்சினை என்ற கட்டத்தில் பன்னிரண்டு பேர் கேட், சுரங்கப்பாதை, மோட்டார் என்று ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் அதிகமாகிப்போனதுதான் தொல்லை. பதின்மூன்று பேர் போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். பூதக்கண்ணாடி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே அதில் மூன்று நம்பருக்குப் போன் போட்டு விசாரித்தான். கூடவே நாள் முழுக்க நின்றவன் இப்போது எதற்கு விசாரிக்கிறான் என்று அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, எல்லாருக்கும் செய்வதைத்தான் தனக்கும் செய்கிறான், இனிமேல் யாரும் இந்தப் படிவங்களை ஒரு மாற்றுக் குறைவாகப் பேச முடியாது என்று புரிந்தபோது கண் கலங்கியது.

திங்கட்கிழமை மேடம் இரண்டு படிவக் கட்டுகளையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மொத்தம் மூன்று இடம். மற்ற இரண்டிலும் பாதிப் பேர் முடிவு செய்யவில்லை என்றுதான் வந்திருந்தது. அக்காவின் முதல் கட்டு அப்படியே இருந்திருந்தால், நம்ம அக்காவோடதே இப்படிச் சொல்லுதே என்று மற்ற இரண்டையும்தான் சந்தேகப்பட்டிருப்பேன் என்றார் மேடம். அவள்மேல் இருந்த நம்பிக்கையே கணக்கைக் கெடுத்திருக்கும். அதைக் கேட்டதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஆறு மாதம் வெளிவேலை கிடையாது, அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் பிரிக்கட்டும், அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் எடுக்கிற எல்லாப் படிவமும் சரிபார்க்கப்படும் என்று முடிவானது. வேலையை விட்டு அனுப்பத்தான் மேடம் முதலில் நினைத்தாராம். பூதக்கண்ணாடி அவள் படிவங்களைச் சரிபார்த்த நாலு வருடக் குறிப்பேடுகளைக் கொண்டுபோய் வைத்து, இதையும் சேர்த்துப் பாருங்கள் என்றானாம். இதை அவன் சொல்லவில்லை, மேடம்தான் சொன்னார்.

மற்ற ஊழியர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றபோது, அக்கா தானே எழுந்து நின்று சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். கணவரின் உடம்பைக் காரணமாகச் சொல்லவில்லை. அது அவர் போட்ட கட்டளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள்.

“எல்லாம் சரி, என் வயித்துமேல பழியப் போடாத” என்றார் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு. “அது ஏற்கெனவே கிழிஞ்சு கிடக்கு.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “அந்தத் தம்பி நல்லா இருக்கணும்” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் பூதக்கண்ணாடியின் மேஜைக்கு எதிரே போய் நின்றார்கள். தங்கள் படிவத்திலும் ஒன்றிரண்டை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது என்று மென்று விழுங்கினார்கள். அவன் மாலைக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

புதன்கிழமை பத்திரிகையில் கணிப்பு வந்தது. நகரம் முழுக்கப் பார்த்தால் மேயர் ஐந்து சதவீதம்தான் முன்னால் இருந்தார். அறுபத்தெட்டெல்லாம் எங்கேயும் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு மேல் முடிவு செய்யவில்லை, காரணம் ஒரு சுரங்கப்பாதை என்று தனிக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். மேயரின் பிரச்சாரப் பொறுப்பாளர் மேடத்துக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் சத்தம் போட்டார். சத்தம் அடங்கியதும், அந்தப் பக்கத்து விவரத்தைக் கொஞ்சம் விரிவாகத் தர முடியுமா என்று கேட்டாராம். பத்திரிகையில் வந்ததைப் படிச்சுக்குங்க என்று வைத்துவிட்டார் மேடம்.

அதுவரை இரண்டு தரப்புமே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மேயருக்கு அது தன் கோட்டை என்று நினைப்பு. வக்கீலம்மாவுக்கும் அது மேயரின் கோட்டை என்றே நினைப்பு. ஜெயித்த இடத்துக்கும் தோற்ற இடத்துக்கும் யார் போவார்கள்? கணிப்பு வந்த மூன்றாம் நாள் வக்கீலம்மா அங்கே நடந்தே போய், கேட்டில் நாற்பது நிமிடம் நின்று ஜனங்களோடு பேசினார். மறுநாள் மேயர் காரில் போனார். கேட் அவருக்கும் சாத்தியே இருந்தது. பின்னால் ஐந்து கார் ஹாரன் அடித்தும் இன்ஜின் தன் பாட்டுக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கி, சுரங்கப்பாதையை எட்டிப் பார்த்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பதவிக்கு வந்தால் நூறு நாளில் மோட்டார் போடுவோம் என்று இரண்டு பேருமே எழுதிக் கையெழுத்துப் போட, பத்திரிகை அதைப் படத்தோடு வெளியிட்டது.

மேயர்தான் ஜெயித்தார், இரண்டு சதவீத வித்தியாசத்தில். மயிரிழையில் தப்பிய மனிதருக்கு வாக்கு மறக்காது போலிருக்கிறது. மூன்றாம் மாதமே மோட்டார் வந்தது, விளக்கும் போட்டார்கள். ஒரு நாள் அக்கா அலுவலகத்தில் படிவம் பிரித்துக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலிக்காரரின் மனைவி நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தாள். எட்டரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் போய்விடுகிறோம், சும்மா சொல்லணும்னு தோணிச்சு என்றாள். உங்களால்தான் என்றும் சொன்னாள். அக்காவால் அந்த நன்றியை அப்படியே தன் பெயரில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் முதலில் வரவே இல்லை அம்மா, வந்ததாக எழுதிவிட்டேன், என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது அன்றைக்கு வாசலில் நின்ற அந்தத் தம்பி என்று உள்ளதைச் சொன்னாள். பிறகு அந்தப் பெண், சரி, அவருக்கும் சொல்லிடுங்க என்றாள்.

ஆறு மாதம் முடிகிற வாரத்தில் பூதக்கண்ணாடிக்கு வேறு நகரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. கடைசி நாள் எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போன பிறகு அக்கா அவன் மேஜைக்குப் போனாள். போன் வந்த விஷயத்தைச் சொன்னாள். இத்தனை நாளும் சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்டதையும் சொன்னாள்.

“நீங்க அன்னிக்கு என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். தெரியாத மாதிரி விட்டிருக்கவும் செய்யலாம். ரெண்டும் பண்ணல. உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் தம்பி.”

அவன் மேஜை இழுப்பறையைக் காலி செய்வதில் மும்முரமாக இருப்பது போல் குனிந்துகொண்டான்.

“என் வேலையைத்தான்கா செஞ்சேன்.”

“வேலையை எல்லாரும்தான் செய்யறாங்க” என்றாள் அக்கா. “நீங்க கூட வந்தீங்க.”

நாலு வருடத்தில் முதல் தடவையாக அவன் சிரித்ததை அவள் பார்த்தாள். ஒரு பக்கத்துப் பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொன்னவனிடமிருந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளும் நடந்தாள்.